டைம்ஷேரிலிருந்து வெளியேறுவது எப்படி? புதிதாகச் சிக்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டைம்ஷேர் ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்திட்டு இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை என்றால், இந்தக் கட்டுரையை வரிசையாகப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். கீழே 'முதல் படி' என்ற தலைப்புக்கு நேராகச் செல்லுங்கள். உங்களுக்கு இன்று இருக்கும் வாய்ப்பு பழைய உரிமையாளர் எவருக்கும் இல்லாதது. அது நாள் கணக்கில் கரைந்துகொண்டிருக்கிறது. பல ஆண்டுகளாகக் கட்டணம் கட்டிவருபவர்களும், பெற்றோர் வாங்கிய டைம்ஷேர் ஒன்று தம் தலையில் விழுமோ என்று அஞ்சுபவர்களும் நிதானமாக முதலிலிருந்து படிக்கலாம்.

கையில் இருப்பது என்ன?

விடுமுறை விடுதியின் ஓர் அறையைப் பலர் பங்கிட்டு, ஆளுக்கு ஆண்டில் ஒரு வாரம் என்று அனுபவிக்கும் ஏற்பாடாக 1960களில் ஐரோப்பாவில் டைம்ஷேர் தொடங்கியது. 1970களில் அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. தம் வாரத்தைக் கொடுத்து வேறோர் ஊரில் தங்க விரும்பியவர்களுக்காக 1974இல் ஆர்சிஐ நிறுவனமும், 1976இல் இன்டர்வல் இன்டர்நேஷனலும் வந்தன. பரிமாற்றம் வந்த பிறகுதான், 'ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் போக வேண்டுமா?' என்ற தயக்கம் விலகி, விற்பனை பெருகியது.

இன்று விற்கப்படுவதில் பல வகை உண்டு. ஆண்டின் குறிப்பிட்ட வாரம் உங்கள் பெயரில் பத்திரப்பதிவோடு வருவது ஒன்று. பருவத்துக்குள் எந்த வாரத்தையும் முன்பதிவு செய்துகொள்ளலாம் என்பது இன்னொன்று. நிலத்தில் உரிமை ஏதுமின்றிக் குறித்த ஆண்டுகளுக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும் தருவது மூன்றாவது. அண்மைக் காலத்தில் பெரும்பாலும் விற்கப்படுவது புள்ளிகள்: ஆண்டுக்கு இத்தனை புள்ளி என்று உங்கள் கணக்கில் வரும், அதைக் கொண்டு நிறுவனத்தின் விடுதிகளில் இடம் பிடிக்க வேண்டும். உங்களிடம் இருப்பது இவற்றுள் எது என்று தெரியாமல் வெளியேறும் வழியைத் தேடுவது வீண். ஆண்டு வரையறையுள்ள உரிமை என்றால் அது ஒரு நாள் தானே முடியும். பத்திரப்பதிவுள்ளது என்றால், பெரும்பாலும் உங்கள் காலத்துக்குப் பிறகும் தொடரும்.

வகை எதுவானாலும், ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எல்லாவற்றுக்கும் பொது. நீங்கள் போய்த் தங்கினாலும் தங்காவிட்டாலும், நோயில் படுத்தாலும், வேலை இழந்தாலும் அது வரும். வாங்கும் நாளில் அந்தத் தொகை சிறிதாகத் தோன்றும். ஆனால் அது ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்ந்தால், ஏறத்தாழ 14 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். 28 ஆண்டுகளில் நான்கு மடங்கை நெருங்கும். கூரை மாற்றவோ, புயலில் சிதைந்த கட்டடத்தைச் செப்பனிடவோ, அதற்கு மேல் சிறப்பு வசூலும் செய்வார்கள். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம் பெரியவர்கள் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும். அந்த யானையை வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்காது என்பது வாங்கிய பிறகுதான் தெரிகிறது.

ஏன் கிடைக்காது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி மனக்குழப்பம் தீரும். நீங்கள் கொடுத்த விலையில் பெரும்பகுதி கட்டடத்துக்கானது அன்று; உங்களை அந்தக் கூட்டத்துக்கு வரவழைத்த இலவசத் தங்கல், பரிசுச் சீட்டு, விற்பனையாளரின் தரகு ஆகியவற்றுக்கானது. அந்தச் செலவை இரண்டாவதாக வாங்குபவர் ஏற்க மாட்டார். மேலும், நிறுவனத்திடம் நேரடியாக வாங்கியவர்களுக்குத் தரும் சலுகைகள் பலவற்றை, மறுவிற்பனையில் வாங்கியவர்களுக்கு அந்த நிறுவனங்களே மறுத்துவிடுகின்றன. இதனால்தான் இணையத்தில் ஒரு டாலர் என்று விலை குறிக்கப்பட்ட டைம்ஷேர்கள்கூட வாங்க ஆளின்றிக் கிடக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. ஆண்டின் 52 வாரங்களில் பழுதுபார்க்க ஒன்றிரண்டை ஒதுக்கிவிட்டு, மீதியை ஐம்பது குடும்பங்களுக்கு விற்றிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் விலகினால், அவருடைய பங்கை மற்றவர்கள்தாம் சுமக்க வேண்டும். ஆகவே உரிமையாளர் சங்கமும் நிர்வாகமும் உங்களை எளிதில் விடாமல் இருப்பது தனிப்பட்ட பகையால் அன்று. அந்த ஏற்பாடே அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இதை மனத்தில் வைத்துப் பேசினால், நீங்கள் எழுதும் கடிதத்தின் தொனியும் மாறும், கிடைக்கும் பதிலும் மாறும்.

முதல் படி: விலகல் காலம் இன்னும் இருக்கிறதா?

டைம்ஷேர் பெரிதாக விற்கப்படும் நாடுகளில், கையெழுத்திட்ட பிறகு காரணம் எதுவும் சொல்லாமல் விலகிக்கொள்ளச் சட்டம் சில நாள்களைத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008/122 எண்ணுள்ள சட்ட நெறிமுறைப்படி அது 14 நாள். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகளிலும் 14 நாள்தான். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்: புளோரிடாவில் 10 நாள், கலிபோர்னியாவில் 7 நாள், நெவாடாவில் 5 நாள். மெக்சிகோவில் 5 வேலை நாள். எந்த இடத்தின் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்பது பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். நீங்கள் வாழும் ஊரின் சட்டம் என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள்.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். புளோரிடாவில் கையெழுத்திட்ட நாள், தர வேண்டிய ஆவணங்களில் கடைசி ஆவணம் உங்கள் கைக்கு வந்த நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து கணக்கு. ஐரோப்பிய விதியில் இன்னும் பெரிய இடம் இருக்கிறது: விலகலுக்கான படிவத்தை விற்பனையாளர் நிரப்பித் தரவில்லை என்றால், விலகும் காலம் ஓராண்டும் 14 நாளுமாக நீளும், ஒப்பந்தத்துக்கு முன் தர வேண்டிய விவரங்களைத் தரவில்லை என்றால் 3 மாதமும் 14 நாளும். காலம் கடந்துவிட்டது என்று கைவிட்டவர்களும் தம் காகிதங்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

விலகுவதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒப்பந்த எண், கையெழுத்திட்ட நாள், விடுதியின் பெயர், வாங்கியவர் அனைவரின் பெயர்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 'இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம். செலுத்திய தொகையைத் திருப்பித் தர வேண்டும்' என்று எழுதி, ஒப்பந்தத்தில் பெயர் உள்ள அனைவரும் கையெழுத்திடுங்கள். கணவர் பெயரும் மனைவி பெயரும் இருந்து ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால், அதையே காரணமாகச் சொல்லி மறுப்பதற்கு இடம் கொடுத்ததாகும். ரத்துக் கடிதம் எந்த முகவரிக்கு, எந்த முறையில் செல்ல வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறதோ, அதே முகவரிக்கு, அதே முறையில் அனுப்புங்கள். பதிவுத் தபாலும் ஒப்புகைச் சீட்டும் கட்டாயம். தொலைபேசியில் சொன்னது சொன்னதாகாது. கடிதத்தின் நகல், தபால் ரசீது, ஒப்புகை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

கடிதம் போன பிறகு விற்பனை அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும் என்று எதிர்பாருங்கள். விலையைக் குறைப்பதாகவும், கூடுதல் புள்ளி தருவதாகவும், ரத்து செய்தால் வேறு சிக்கல் வரும் என்றும் சொல்வார்கள். 'கடிதத்தில் சொன்னதே எங்கள் முடிவு' என்ற ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விலகும் உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் அஞ்ச வேண்டாம். புளோரிடாவின் சட்டத்திலும் ஐரோப்பிய விதியிலும் அத்தகைய விட்டுக்கொடுப்பு செல்லாது. வாங்கியதற்காகக் கடன் எடுத்திருந்தால், அந்தக் கடனும் ரத்தாகிவிட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பிய விதிப்படி இணைக் கடன், அதாவது விற்பனையாளரே தந்தது அல்லது அவருடைய ஏற்பாட்டில் கிடைத்தது, தானாகவே முடிவுக்கு வரும். ஆனால் பொதுவான கடன் அட்டையிலோ வேறு வங்கியிலோ எடுத்த பணம் அப்படி முடியாது.

இரண்டாம் படி: காகிதங்களை மேசையில் பரப்புதல்

விலகல் காலம் முடிந்துவிட்டவர்கள் தொடங்க வேண்டிய இடம் இது. யாருக்கும் தொலைபேசியில் பேசுவதற்கு முன், ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒப்பந்தம், பத்திரம் இருந்தால் அதன் நகல், கடன் பத்திரம், கடைசி மூன்று ஆண்டுகளின் கட்டணச் சீட்டுகள், விற்பனைக் கூட்டத்தில் கொடுத்த விளம்பரத் தாள்கள் ஆகிய அனைத்தையும் எடுத்து வையுங்கள்.

அவற்றில் மூன்று கேள்விக்கு விடை தேடுங்கள். உரிமை ஒரு நாள் முடிவதா, முடிவில்லாததா? கடன் பாக்கி இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு? பராமரிப்புக் கட்டணத்தில் நிலுவை உண்டா? இவற்றுள் கடன் பற்றிய விடையே உங்கள் வழியைத் தீர்மானிக்கும். டைம்ஷேர் கடனின் வட்டி வீட்டுக் கடனின் வட்டியைவிட மிக அதிகமாக இருப்பது வழக்கம். கடன் பாக்கி உள்ளவரை, விடுதியும் திரும்பப் பெறாது, வேறு எவரும் வாங்க மாட்டார். எனவே கடன் உள்ளவர்களுக்கு என் கருத்து ஒன்றே: டைம்ஷேரிலிருந்து விடுவித்துத் தருவதாகச் சொல்லும் நிறுவனங்களுக்குக் கொடுக்க நினைக்கும் பணத்தை அந்தக் கடனின் அசலில் கட்டுங்கள்.

காகிதங்களைப் படிக்கும்போது மனம் வருந்தும். விற்பனைக் கூட்டத்தில் சொன்னவற்றில் பல, அதாவது விலை ஏறும், வாடகைக்கு விட்டே கட்டணத்தை ஈடு செய்யலாம், நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளும் என்பன, எந்தப் பக்கத்திலும் இருக்காது. மாறாக, 'வாய்மொழியாகச் சொல்லப்பட்ட எதையும் நம்பி இதை வாங்கவில்லை' என்ற வாக்கியத்தின் கீழ் உங்கள் கையெழுத்து இருக்கும். மணிக்கணக்கில் களைத்துப்போன மனிதர்களிடம் கடைசி நிமிடத்தில் கட்டுக்கட்டாகத் தாள்களை நீட்டிக் கையெழுத்து வாங்கும் முறையை நான் நியாயம் என்று ஒருநாளும் ஏற்க மாட்டேன். ஏமாந்ததற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் கொடுத்த பணம் திரும்பாது என்பதை இந்தக் கட்டத்திலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். போட்டதில் கொஞ்சமாவது எடுத்துவிட வேண்டும் என்ற ஆசைதான் மோசடிக்காரர்கள் பிடித்துக்கொள்ளும் கயிறு. இனி நீங்கள் காக்க வேண்டியது வருங்காலக் கட்டணங்களை.

மூன்றாம் படி: விடுதியிடமே கேட்டல்

பலர் இதைச் செய்வதே இல்லை. விற்றவனே எப்படித் திரும்ப வாங்குவான் என்ற எண்ணத்தில் வெளியாரைத் தேடிப் போகிறார்கள். ஆனால் பெரிய நிறுவனங்கள் பல, கடனும் நிலுவையும் இல்லாத உரிமையாளரிடமிருந்து டைம்ஷேரைத் திரும்பப் பெறும் திட்டத்தை இன்று வைத்திருக்கின்றன. அமெரிக்க நுகர்வோர் நலனைக் கவனிக்கும் கூட்டாட்சி வணிக ஆணையமான எஃப்டிசியும், முதலில் விடுதியிடம் பேசுங்கள் என்றுதான் அறிவுறுத்துகிறது. தொழில்துறைச் சங்கமான ஆர்டா, உறுப்பு நிறுவனங்களின் வெளியேறும் வழிகளை 'ரெஸ்பான்சிபிள் எக்சிட்' என்ற பெயரில் ஒரே இடத்தில் தொகுத்து வைத்திருக்கிறது.

விற்பனைப் பிரிவை அழைக்காதீர்கள். கட்டணச் சீட்டில் உள்ள உரிமையாளர் சேவைப் பிரிவை அழைத்து, 'என் உரிமையைத் திரும்ப ஒப்படைக்க விரும்புகிறேன்; அதற்கான திட்டம் என்ன, நிபந்தனை என்ன, படிவம் எங்கே?' என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அங்கேயே விட்டுவிடாமல் உரிமையாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கும் எழுதுங்கள். முதலில் தொலைபேசி எடுப்பவருக்கு அத்தகைய திட்டம் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். சில மாதம் கழித்து மீண்டும் கேளுங்கள். இத்திட்டங்கள் திறப்பதும் மூடுவதுமாக இருக்கின்றன.

கடிதத்தில் குறை சொல்லி எழுதுவதைவிட நிலைமையைச் சொல்லி எழுதுவது பயன் தரும். முதுமை, பயணம் செய்ய இயலாத உடல்நிலை, துணையின் மரணம், வேலையிழப்பு, மணமுறிவு ஆகியவற்றைச் சான்றுகளோடு விளக்கினால், திட்டமே இல்லாத விடுதிகளும் சில நேரம் இணங்குகின்றன. ஓராண்டு அல்லது ஈராண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டுப் போகச் சொல்லலாம். அது கசப்பாக இருக்கும். ஆனால் ஆயுள் முழுவதும் கட்ட வேண்டியதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பெரும்பாலோருக்கு அதுவே மிகக் குறைந்த விலை.

ஓர் எச்சரிக்கை. இது பற்றிப் பேச நேரில் வாருங்கள் என்றோ, 'உரிமையாளர்களுக்கான தகவல் கூட்டம்' என்றோ அழைத்தால் போகாதீர்கள். அங்கே நடப்பது இன்னொரு விற்பனை. 'உங்கள் பழைய வாரத்தைப் புள்ளிகளாக மாற்றினால் பிறகு எளிதாக வெளியேறலாம்' என்று சொல்லி, வெளியேற வந்தவரைப் புதுக் கடனோடு திருப்பி அனுப்புவது அங்கே வழக்கமாக நடக்கிறது. திரும்ப ஒப்படைக்கும் வேலை முழுவதையும் எழுத்தின் மூலமே முடிக்கலாம்.

நான்காம் படி: விற்பது, கொடுப்பது, வாடகைக்கு விடுவது

விடுதி மறுத்துவிட்டால், விரும்பும் ஒருவரிடம் ஒப்படைப்பது அடுத்த வழி. உச்சப் பருவத்தில், பலரும் நாடும் இடத்தில், குறைந்த கட்டணத்தோடு உள்ள வாரத்துக்கு ஓரளவு விலை கிடைக்கலாம். மற்றவற்றுக்கு விலை எதிர்பார்க்க வேண்டாம். இலவசமாகக் கொடுத்து, பெயர் மாற்றும் செலவையும் நீங்களே ஏற்று, சில நேரம் முதலாண்டுக் கட்டணத்தையும் கட்டிக் கொடுத்தால்தான் ஆள் கிடைப்பார். உங்கள் விடுதியின் பெயரில் தேடி, உண்மையில் விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலை எதையும் காட்டாது.

ஆள் கிடைத்ததும் செய்ய வேண்டியவை சில உண்டு. பல ஒப்பந்தங்களில் அதே விலைக்கு முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை விடுதிக்கு இருக்கும். அதை அவர்கள் பயன்படுத்தவில்லை என்ற கடிதம் வேண்டும். நிலுவை ஏதும் இல்லை, இன்ன உரிமை இன்னாருக்கு உள்ளது என்று விடுதி தரும் சான்றும் வேண்டும். பத்திரம் உள்ளது என்றால் புதுப் பத்திரம் எழுதி, அரசின் பதிவு அலுவலகத்தில் பதிந்து, அதன் நகலை விடுதிக்கு அனுப்பிப் பெயர் மாற்றக் கட்டணமும் செலுத்த வேண்டும். பதிவு முடிந்தும் விடுதியின் கணக்கில் பெயர் மாறாவிட்டால், கட்டணச் சீட்டு உங்களுக்கேதான் வரும்.

பணம் பெற்றுக்கொண்டு, பெயருக்கு ஒரு நிறுவனத்தைத் தொடங்கி அதன் பெயரில் டைம்ஷேரை மாற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். அந்த நிறுவனம் கட்டணம் எதுவும் கட்டாது. விடுதி அந்த மாற்றத்தை மறுத்தாலோ நீதிமன்றத்தில் எதிர்த்தாலோ, பொறுப்பு உங்களிடமே திரும்பும். ஐம்பது குடும்பங்களின் சுமையைப் பற்றி முன்னே சொன்னதை நினைத்தால், இது சரியான வழியும் அன்று. அறக்கட்டளைக்குத் தானம் செய்வதும் பெரும்பாலும் நடக்காது; முடிவற்ற கட்டணத்தை எந்த அறக்கட்டளை ஏற்கும்?

வாடகைக்கு விடுவது வெளியேறும் வழியாகாது; ஓராண்டுக் கட்டணத்தின் ஒரு பகுதியை மீட்கலாம், அவ்வளவே.

ஐந்தாம் படி: உதவுவதாகச் சொல்பவர்களைச் சோதித்தல்

இந்தப் பகுதியை அவசரமின்றிப் படியுங்கள். டைம்ஷேரால் இழந்ததைவிட, அதிலிருந்து வெளியேறப் போய் இழந்தவர்களின் துயரம் பெரிது.

அழைப்பு பெரும்பாலும் தானாக வரும். உங்கள் விடுதியின் பெயரும் அறை எண்ணும் அழைப்பவருக்குத் தெரிந்திருக்கும். அது நம்பிக்கைக்கு ஆதாரம் அன்று, பதிவு ஆவணங்களிலிருந்தும் கசிந்த பட்டியல்களிலிருந்தும் அவற்றை எடுக்கலாம். 'வாங்க ஆள் தயாராக இருக்கிறார், நல்ல விலை. பதிவுச் செலவும் வரியும் மட்டும் முதலில் அனுப்புங்கள்' என்பார். அனுப்பியதும் இன்னொரு வரி வரும், பிறகு அபராதம் வரும். எல்லாம் முடிந்து நீங்கள் ஓய்ந்திருக்கும்போது, வழக்கறிஞர் என்றோ அரசு அதிகாரி என்றோ ஒருவர் அழைத்து, இழந்ததை மீட்டுத் தருவதாகச் சொல்லி அதற்கும் கட்டணம் கேட்பார். முதலில் அழைத்தவரும் இவரும் ஒரே கூட்டமாக இருப்பதுண்டு.

இதன் பின்னணியில் இருப்பவர்கள் யார் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். மெக்சிகோவில் டைம்ஷேர் வைத்திருந்த அமெரிக்கர்களைக் குறிவைத்த இத்தகைய மோசடிகளை ஹலிஸ்கோ நியூ ஜெனரேஷன் என்ற போதைக் கடத்தல் கும்பல் நடத்தியதாகச் சொல்லி, அமெரிக்க நிதித்துறை 2023 முதல் பலர்மீதும் நிறுவனங்கள்மீதும் தடை விதித்துவருகிறது. 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ 6,000 பேர், மெக்சிகோ தொடர்பான டைம்ஷேர் மோசடிகளில் மொத்தம் 30 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக இழந்ததாகப் புகார் அளித்திருக்கிறார்கள் என்பது அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் கணக்கு. அவர்களில் முதியோர் பலர். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தவர்களும் உண்டு.

இன்னொரு வகை, அலுவலகமும் விளம்பரமும் உள்ள வெளியேற்ற நிறுவனங்கள். ஓட்டலில் கூட்டம் போட்டு, 'இப்போதே வெளியேறாவிட்டால் உங்கள் பிள்ளைகள் தலையில் கடன் விழும்' என்று அச்சுறுத்திப் பெருந்தொகையை முன்பணமாக வாங்குவார்கள். 2022 நவம்பரில் எஃப்டிசியும் விஸ்கான்சின் மாநிலமும் இணைந்து, மிசோரியில் இயங்கிய இத்தகைய நிறுவனங்களின் குழு ஒன்றின்மீது, 9 கோடி டாலருக்கு மேல் ஏமாற்றிப் பெற்றதாகக் குற்றம் சாட்டி வழக்குத் தொடர்ந்தன. விடுதியிடம் நீங்களே இலவசமாகக் கேட்டிருக்கக்கூடிய ஒன்றுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, அதையும் செய்யாமல் விடுபவர்கள் இவர்களில் பலர்.

ஆகவே சில உறுதிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தானாக அழைத்தவரோடு பணப் பேச்சு இல்லை. வேலை முடியுமுன் பணம் இல்லை. ஐரோப்பிய விதியில், மறுவிற்பனைக்கு உதவுபவர் விற்பனை முடியும் முன் முன்பணம் வாங்குவதே தடைசெய்யப்பட்டிருக்கிறது. மற்ற நாடுகளில் உள்ளவர்களும் இதைத் தம் சொந்த விதியாக்கிக்கொள்ளலாம். 'விடுதியோடு பேசாதீர்கள், கட்டணத்தை நிறுத்துங்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பவரிடமிருந்து உடனே விலகுங்கள். அவர் செய்யப்போவது காத்திருப்பது மட்டுமே, நிலுவைக்கான நடவடிக்கை வருவது உங்கள் பெயரில். வழக்கறிஞர் என்று சொல்பவரின் உரிமத்தை வழக்கறிஞர் கழகத்தின் பதிவேட்டில் பார்த்து, அங்குள்ள தொலைபேசி எண்ணுக்கே நீங்கள் அழைத்துப் பேசுங்கள். உண்மையான வழக்கறிஞரின் பெயரைத் திருடிப் பயன்படுத்துவதும் நடக்கிறது.

கட்டணத்தை நிறுத்திவிடலாமா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நிறுத்தினால் முதலில் தாமதக் கட்டணம் சேரும், பிறகு வசூல் நிறுவனத்தின் அழைப்புகள் வரும், முடிவில் விடுதி உரிமையைப் பறிமுதல் செய்யலாம் அல்லது வழக்குத் தொடரலாம். பறிமுதல் ஆகிவிட்டால் விட்டது தொல்லை என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவில் அந்தப் பதிவு கடன் வரலாற்றில் 7 ஆண்டு வரை இருக்கலாம், அந்தக் காலத்தில் வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ இடர் ஏற்படும். தள்ளுபடி செய்யப்பட்ட கடன் அங்கே வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படவும் கூடும்.

வீட்டுக் கடன் தேவையில்லாத, வேறு வழிகள் அனைத்தும் அடைபட்ட சிலருக்கு இது கணக்கிட்டு எடுக்கும் முடிவாக இருக்கலாம். அந்நிலையிலும், வசிக்கும் இடத்துச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணி நேர ஆலோசனை பெற்ற பிறகே செய்யுங்கள். உரிமையை நீங்களே எழுதிக் கொடுத்துப் பறிமுதலைத் தவிர்க்கும் ஏற்பாட்டுக்கு விடுதி இணங்குமா என்பதையும் அவர் கேட்டுச் சொல்வார். திட்டமிடாமல், கோபத்தில் நிறுத்துவது மட்டும் வேண்டாம். நிலுவை விழுந்த மறுநாளே, மூன்றாம் படியில் சொன்ன திரும்ப ஒப்படைக்கும் வாய்ப்பும் பெரும்பாலும் போய்விடுகிறது.

சட்டம் எங்கே உதவும்?

விற்பனையின்போது பொய் சொல்லப்பட்டதற்கு எழுத்துச் சான்று, மின்னஞ்சல், குறிப்பெழுதிய விளம்பரத் தாள் ஏதேனும் இருந்தால், அமெரிக்காவில் மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கோ நில வணிகத்தை ஒழுங்குபடுத்தும் துறைக்கோ புகார் அனுப்பலாம். இதற்குக் கட்டணம் இல்லை, சில நேரம் புகார் எண்ணைக் கண்டதுமே விடுதி பேச முன்வருகிறது. ஒப்பந்தமே சட்டத்துக்கு மாறாக இருக்கும் நிலையும் உண்டு. ஸ்பெயினில் 1999 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் டைம்ஷேரின் காலத்தை 50 ஆண்டுக்குள் வரையறுத்தது. அதன் பிறகும் முடிவற்ற காலத்துக்கு விற்கப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் தீர்ப்பளித்ததால், பலர் பணத்தோடு வெளியே வந்தார்கள். அதே தீர்ப்பைக் காட்டி முன்பணம் பறித்தவர்களும் கிளம்பினார்கள் என்பதால், ஸ்பெயின் ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் முதலில் தேதியையும் காலத்தையும் தாங்களே பார்த்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகளுக்குப் போகுமா?

உரிமையாளர் இறந்தால், டைம்ஷேர் அவர் விட்டுச்சென்ற சொத்துத் தொகுதியில் சேரும். நிலுவை அந்தத் தொகுதியிலிருந்து கேட்கப்படும். ஆனால் வாரிசுகள் அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை, மறுப்பதற்கு உரிமை உண்டு. அமெரிக்காவில் எழுத்து மூலம், இறந்த நாளிலிருந்து 9 மாதத்துக்குள் மறுப்பது வரிச்சட்டத்தின் பார்வையில் பாதுகாப்பான முறை. மாநிலச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குள் ஒருமுறை போய்த் தங்கினாலோ, ஒரு கட்டணத்தைக் கட்டினாலோ, ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள இடமுண்டு. பெற்றோர்மீதுள்ள அன்பால், துக்க நாள்களில் வந்த சீட்டைக் கேள்வி கேட்காமல் கட்டிவிடும் பிள்ளைகளே இதில் அதிகம் சிக்குகிறார்கள். ஏற்கெனவே பத்திரத்தில் பிள்ளையின் பெயரும் சேர்க்கப்பட்டிருந்தால் மறுக்க வழியில்லை. குடும்பத்துக்கு நன்மை என்று சொல்லிப் பெயரைச் சேர்க்கச் சொல்வதை ஏற்காதீர்கள்.

வெளியேறிய பிறகு

ஒப்படைத்தாலும் விற்றாலும், மூன்று காகிதம் கைக்கு வரும்வரை வேலை முடியவில்லை: பதியப்பட்ட பத்திரத்தின் நகல், உங்கள் கணக்கு மூடப்பட்டு நிலுவை ஏதும் இல்லை என்ற விடுதியின் கடிதம், கடன் இருந்திருந்தால் அது தீர்ந்த சான்று. வங்கியிலிருந்து கட்டணம் தானாகச் செல்லும் ஏற்பாட்டை, கணக்கு மூடிய கடிதம் வந்த அன்றே நிறுத்துங்கள். பரிமாற்ற நிறுவனத்தின் ஆண்டுச் சந்தா தனியாக ஓடிக்கொண்டிருக்கும், அதையும் ரத்து செய்யுங்கள். அடுத்த ஆண்டுக்கான கட்டணச் சீட்டு வழக்கமாக எந்த மாதம் வருமோ, அந்த மாதத்தை நாட்காட்டியில் குறித்து வைத்து, சீட்டு வராமல் அது கடந்துபோகிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால், அந்தக் காகிதங்களின் நகலோடு அன்றே எழுதுங்கள்.